பழைய இறக்குமதி வாகனமும் வீதிப் பாதுகாப்பு விதிகளும்: வயதெல்லை குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

மோட்டார் வாகனம் ஒன்றினைப் பதிவு செய்தல் பெரும்பாலும் ஓர் அலுவலக நடைமுறையாகவே கருதப்படுகின்றது. படிவம் நிரப்புதல், கட்டணம் செலுத்துதல், இலக்கத் தகடு பெறுதல் என்பவற்றோடு அது முடிந்துவிடுகின்றது என்பதே பொதுவான எண்ணம். ஆயின், ஒரு நாட்டிலே உற்பத்தியாகி அங்கே பல்லாண்டுகள் ஓடிப் பழையதாகிய வாகனம் இன்னொரு நாட்டின் வீதிக்கு வரும்பொழுது, அவ்வாகனம் பாதுகாப்பானதா என்ற கேள்வியைச் சட்டம் எழுப்புகின்றது. அக்கேள்விக்கு விடை காண்பதற்குப் பல நாடுகள் கைக்கொள்ளும் அளவுகோல் வாகனத்தின் வயதாகும்.

இவ்வளவுகோலிலே ஒரு முரண்பாடு உண்டு. ஐக்கிய அமெரிக்காவிலே 25 ஆண்டுகளைக் கடந்த வாகனம் கூட்டாட்சிப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்குப் பெற்று உள்ளே வருகின்றது; அதனிலும் வயது குறைந்தது தடுக்கப்படுகின்றது. இலங்கையிலோ பாவித்த கார் ஏறத்தாழ 3 ஆண்டுகளுக்கு உட்பட்டதாயின் மட்டுமே வரலாம். அதனிலும் வயது கூடியது தடுக்கப்படுகின்றது. ஓரிடத்திலே முதுமை தகுதியாகவும் இன்னோரிடத்திலே தகுதியின்மையாகவும் கொள்ளப்படுவதேன்? இவ்விரு விதிகளும் உண்மையிலே எதனைப் பாதுகாக்கின்றன? யாருடைய உயிரைப் பாதுகாக்கின்றன? ஐக்கிய அமெரிக்காவின் 25 ஆண்டு விதியை முதன்மையாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமைப்பும் நிலைமையும்

வாகனப் பாதுகாப்பு என்ற ஒரே சொல்லினுள்ளே வேறுபட்ட இரு விடயங்கள் அடங்கியுள்ளன. முதலாவது, வாகனம் எவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது என்பதாகும். மோதலின்போது நெரிந்து விசையை உள்வாங்கும் முன்பகுதி, ஆசனப் பட்டி, காற்றுப்பை, கண்ணாடியின் தரம், விளக்குகளின் ஒளி விழும் கோணம் ஆகியன தொழிற்சாலையிலே தீர்மானிக்கப்படுபவை. இரண்டாவது, வாகனம் இன்று எந்நிலையில் உள்ளது என்பதாகும். பிறேக், ரயர், செலுத்துகை மூட்டுகள், துருப்பிடித்த அடிச்சட்டகம் முதலியன பாவனையோடு மாறுபவை. முதலாவது கேள்வியை ஒரு முறை கேட்டாற் போதும். இரண்டாவதை மீண்டும் மீண்டும் கேட்டல் வேண்டும்.

முதலாவது கேள்விக்கு விடை காண்பதில் நாடுகள் இரு வழிகளைப் பின்பற்றுகின்றன. ஐரோப்பிய நாடுகளிலும் யப்பானிலும் ஒரு மாதிரி விற்பனைக்கு வருமுன்னரே அரசு அதனைச் சோதித்து அங்கீகாரம் வழங்குகின்றது. ஐக்கிய அமெரிக்காவிலோ, விதிகளுக்கு அமைவாகவே வாகனம் ஆக்கப்பட்டுள்ளது என உற்பத்தியாளரே சான்றுரைக்கின்றார். அரசு பின்னர் சோதித்துத் தவறு காணின் தண்டிக்கின்றது. யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென ஆக்கப்பட்ட கார் ஒன்றுக்கு இத்தகைய அமெரிக்கச் சான்றினை அதன் உற்பத்தியாளர் ஒருபோதும் வழங்கியிருக்கமாட்டார். ஆகவே அதனை அமெரிக்காவுக்குக் கொண்டுவரும் தனியாள், ஒரு பெருநிறுவனம் சுமக்கவேண்டிய பொறுப்பினைத் தாமே சுமக்கவேண்டியவராகின்றார். இறக்குமதிப் பதிவிலுள்ள சிக்கல்களின் வேர் இதுவேயாகும்.

25 ஆண்டு விதியின் தோற்றம்

1965 இல் றால்ப் நாடர் எழுதிய நூல், வீதி விபத்துகளுக்குச் சாரதிகளை மட்டும் குறை கூறி வந்த கார்த் தொழிற்றுறையின் வாதத்தை மறுத்து, வாகனத்தின் அமைப்பே உயிர்களைப் பறிக்கின்றது என்பதை எடுத்துக்காட்டியது. அதனால் எழுந்த பொதுமக்கள் கருத்தின் விளைவாக 1966 இல் தேசியப் போக்குவரத்து மற்றும் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் கீழ் ஆக்கப்பட்ட முதலாவது தொகுதி விதிகள் 1968 ஜனவரி 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தன. பெருநிறுவனங்களின் எதிர்ப்பையும் மீறிப் பெறப்பட்ட வெற்றி என்ற வகையில் இச்சட்டம் முற்போக்கான ஒன்றென்பதில் ஐயமில்லை.

1980களின் முற்பகுதியில் நிலைமை வேறாயிற்று. அமெரிக்க டொலரின் பெறுமதி உயர்ந்தமையால் ஐரோப்பாவிலே ஒரு மேர்சிடீஸ் காரை நேரடியாக வாங்கி, மாற்றியமைத்துப் பதிவு செய்வது உள்ளூர் முகவரிடம் வாங்குவதிலும் மலிவாயிற்று. இவ்வாறு நிறுவனங்களின் அதிகாரபூர்வ வழியைத் தவிர்த்து வந்த வாகனங்கள் 1985 இல் ஏறத்தாழ 66,000 எனும் உச்சத்தை அடைந்தன. அவற்றுள் அரைகுறையாக மாற்றியமைக்கப்பட்டவையும் போலிச் சான்றுகளோடு வந்தவையும் இருந்தன என்பது மெய். முகவர்களின் இலாபம் குன்றியது என்பதும் அதேயளவு மெய். மேர்சிடீஸ்-பென்ஸ் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையும் அதன் முகவர்களும் சட்டத்தை இறுக்குமாறு வற்புறுத்தினர். 1988 இல் இறக்குமதி வாகனப் பாதுகாப்பு இணக்கச் சட்டம் நிறைவேறியது; 1990 ஜனவரி 31 ஆம் திகதி முதல் அது நடைமுறைக்கு வந்தது. 25 ஆண்டுகளைக் கடந்த வாகனத்துக்கான விலக்கும் இச்சட்டத்தின் வழியே வந்ததாகும்.

25 ஆண்டுகள் கடந்த வாகனம் புதியதனோடு சந்தையிலே போட்டியிடுவதில்லை. ஆதலால் அதனை அனுமதிப்பதனால் விற்பனையாளருக்கு இழப்பில்லை. விலக்கின் எல்லை பொறியியற் சோதனையொன்றின் முடிவாக வந்ததன்று; சந்தை நலனும் சேகரிப்பாளரின் விருப்பமும் சந்திக்கும் இடத்தில் வைக்கப்பட்ட எல்லை அது எனலாம்.

நடைமுறை

25 ஆண்டுகளுக்கு உட்பட்ட, விதிகளுக்கு இணங்காத வாகனத்தைப் பதிவுபெற்ற இறக்குமதியாளர் ஒருவர் வாயிலாகவே கொண்டுவரலாம். அம்மாதிரி இறக்குமதிக்கு உரியது என வீதிப் பாதுகாப்பு நிருவாகம் முன்னரே தீர்மானித்திருத்தல் வேண்டும். சுங்கப் பெறுமதியின் ஒன்றரை மடங்குக்குப் பிணை வைக்க வேண்டும். 120 நாட்களுள் விளக்குகள், கண்ணாடி, ஆசனப் பட்டிகள், வேகமானி என்பவற்றையும், வேண்டியவிடத்து மோதல் தாங்கும் அமைப்பையும் மாற்றியமைத்துச் சான்றளிக்க வேண்டும். தவறின் வாகனம் திருப்பியனுப்பப்படும் அல்லது அழிக்கப்படும். பலவேளைகளிலே இச்செலவு வாகனத்தின் விலையை விஞ்சிவிடும்.

25 ஆண்டுகளைக் கடந்ததாயின் இவையெதுவும் வேண்டுவதில்லை. இறக்குமதியாளர் எச். எஸ். 7 எனும் படிவத்திலே விலக்குக்குரிய கூற்றினைக் குறித்துக் கையொப்பமிட்டாற் போதும். வயது கணிக்கப்படுவது உற்பத்தி மாதத்திலிருந்தாகும், மாதிரி ஆண்டிலிருந்தன்று. யப்பானிய வாகனங்களின் தகட்டிலே உற்பத்தி மாதம் பெரும்பாலும் பொறிக்கப்படுவதில்லையாதலால், அங்கு முதற்பதிவு நிகழ்ந்த காலத்தைக் காட்டும் ஏற்றுமதிச் சான்றிதழ் இன்றியமையாததாகின்றது. புகை விதிகளுக்கான எல்லை வேறு: தொடக்க அமைப்பு மாறாதிருக்கும் வாகனத்துக்கு அது 21 ஆண்டுகளாகும்.

இவ்விதியின் விளைவை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். நிசான் ஸ்கைலைன் ஜி. ரி. ஆர். வரிசையில் ஆர் 34 எனும் மாதிரி 1999 ஜனவரியில் உற்பத்திக்கு வந்தது. அம்மாதத்திலே ஆக்கப்பட்ட கார் 2024 ஜனவரியில் விலக்குக்கு உரியதாயிற்று. 2023 டிசம்பரிலே ஆபத்தானது எனத் தடுக்கப்பட்ட அதே கார், எவ்வித மாற்றமுமின்றி அடுத்த மாதம் அனுமதிக்கப்பட்டது. அதன் பிறேக்கிலோ அடிச்சட்டகத்திலோ அம்மாதத்தில் எந்த மேம்பாடும் நிகழவில்லை.

காத்திருக்க விரும்பாத பெருஞ்செல்வருக்கு வேறொரு வழியும் உண்டு. காட்சிக்கும் கண்காட்சிப் பயணத்துக்குமென 1999 இல் நடைமுறைக்கு வந்த தனிவிலக்கின்படி, வரலாற்று அல்லது தொழினுட்ப முக்கியத்துவம் உடைய அரிய கார்களை ஆண்டுக்கு 2,500 மைலுக்கு மேற்படாது ஓட்டலாம். பெருமளவில் ஆக்கப்பட்ட சாதாரண வாகனங்களுக்கு இவ்வழி திறப்பதில்லை.

இறக்குமதி வேறு, பதிவு வேறு

சுங்க வாயிலைக் கடந்தவுடன் வாகனம் வீதிக்கு உரியதாகிவிடுவதில்லை. இறக்குமதி கூட்டாட்சியின் அதிகாரத்துக்கு உட்பட்டது. பதிவோ ஒவ்வொரு மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அமெரிக்க வாகனங்களுக்கு 1981 முதல் 17 குறிகளைக் கொண்ட அடையாள இலக்கம் கட்டாயமாகும். யப்பானின் உள்நாட்டு வாகனங்களிலுள்ள அடிச்சட்டக இலக்கம் அதனிலும் குறுகியது. இதனாலேயே சில பதிவகங்களின் கணினிகள் அதனை ஏற்க மறுப்பதுண்டு.

இதனிலும் பாரியது கேய் லொறிகள் பற்றிய பிணக்காகும். கேய் என்பது யப்பானிலே சட்டத்தால் வரையறுக்கப்பட்ட சிறு வாகன வகை. இன்றைய வரையறையின்படி இயந்திரத்தின் கொள்ளளவு 660 கன சென்ரிமீற்றருக்கும் நீளம் 3.4 மீற்றருக்கும் மேற்படலாகாது. சுசுகி கரி, டைஹற்சு ஹைஜெற், சுபாரு சம்பார் முதலியன இவ்வகையின. அமெரிக்கச் சிறு விவசாயிகளும் தோட்டக்காரரும் கைவினைஞரும், விலை மலிவும் எரிபொருட் சிக்கனமும் கருதி இவற்றை 25 ஆண்டு விதியின் கீழ் வாங்கத் தொடங்கினர். உள்நாட்டுப் புதிய லொறிகள் மிகப் பெரியனவாகவும் விலை மிக்கனவாகவும் மாறியமை இதற்கொரு காரணம். 1964 முதல் இலகு லொறிகளின் இறக்குமதி மீது விதிக்கப்பட்ட 25 சதவீத வரி வெளிநாட்டுச் சிறு லொறிகளை நெடுங்காலம் தடுத்து வந்தமை இன்னொரு காரணம்.

மோட்டார் வாகன நிருவாகிகளின் அமெரிக்கச் சங்கம், இத்தகைய சிறு லொறிகளின் வீதிப் பாவனையைக் கட்டுப்படுத்துமாறு 2011 இல் மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. 2021 இல் மெயின், றோட் ஐலண்ட் ஆகிய மாநிலங்கள் இவற்றின் பதிவுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தன. முறைப்படி வரி செலுத்திப் பதிவு பெற்றவர்களும் தம் வாகனத்தை வீதியில் ஓட்டும் உரிமையை இழந்தனர். உரிமையாளரின் எதிர்ப்பினால் ரெக்சாஸ் மாநிலம் 2024 இல் தன் மறுப்பைக் கைவிட்டது. மசாசுசெற்ஸ் மாநிலமும் அவ்வாண்டிலேயே முதலில் மறுத்துப் பின்னர் அனுமதித்தது.

மறுப்போரின் நியாயத்தைப் புறக்கணிக்க முடியாது. கேய் லொறியிலே சாரதியின் முழங்காலுக்கும் முன்தகட்டுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. இரண்டரைத் தொன் நிறையுடைய அமெரிக்க வாகனத்தோடு மோதின் அதிலிருப்பவரே அழிவர். ஆயின், ஆசனப் பட்டியே இல்லாத 1950களின் அமெரிக்கக் கார் அதே வீதியிலே தடையின்றி ஓடுகின்றது. 1987 முதல் 1994 வரை ஆக்கப்பட்ட அஞ்சல் விநியோக வாகனங்கள் காற்றுப்பையின்றியே அரசின் பெயரால் ஓடிவந்தன. மோட்டார்ச் சைக்கிளும் பதிவு பெறுகின்றது. மேலும், சிறு வாகனத்தை ஆபத்தானதாக்குவது அதன் சிறுமை மட்டுமன்று. அதனைச் சூழ்ந்து ஓடும் வாகனங்களின் பருமையுமாகும். சட்டமோ சிறியதையே குற்றவாளியாக்குகின்றது.

இன்னொரு முரண்பாடும் குறிப்பிடத்தக்கது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலே தனியார் வாகனங்களுக்குக் காலமுறைப் பாதுகாப்புப் பரிசோதனை இல்லை. ரெக்சாஸ் மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் வணிகம் சாராத வாகனங்களுக்கான அப்பரிசோதனையை நீக்கிவிட்டது. வாயிலிலே கடுமை, வீதியிலே தளர்ச்சி என்பதே இவ்வொழுங்கின் இயல்பாகும். முன்னர்க் கூறிய இரு கேள்விகளுள் அமைப்பு பற்றியது வாயிலிலே உரத்துக் கேட்கப்படுகின்றது. நிலைமை பற்றியது வாகனம் உள்ளே வந்தபின் கேட்கப்படாமலே விடப்படுகின்றது.

கனடாவும் பிரித்தானியாவும்

கனடாவிலே விலக்கின் எல்லை 15 ஆண்டுகளாகும். இதனால் யப்பானிய வலப்பக்கச் செலுத்துகை வாகனங்கள் பெருந்தொகையாக வந்தன. வீதியின் வலப்புறமாகச் செல்லும் நாட்டிலே சாரதி வலப்புறம் அமர்ந்திருப்பின், முன்செல்லும் வாகனத்தைக் கடந்து போகும்பொழுதும் இடப்புறம் திரும்பும்பொழுதும் எதிர்வருவதைக் காண்பது கடினம். பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தின் தரவுகளைக் கொண்டு 2009 இல் வெளியான ஆய்வொன்று, இத்தகைய வாகனங்கள் தம் தவறினால் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஒப்பிடத்தக்க இடப்பக்கச் செலுத்துகை வாகனங்களைவிட ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல் எனக் காட்டியது. கியூபெக் மாகாணம் 2010 ஐ ஒட்டிய காலத்தில் இவற்றுக்கான எல்லையை 25 ஆண்டுகளாக உயர்த்தியது. ஆயினும் வயது கூடுவதனாற் சாரதியின் ஆசனம் இடம் மாறிவிடுவதில்லை.

விளக்கின் நிலையும் இத்தகையதே. தாழ்த்திய முன்விளக்கின் ஒளி வீதியோரத்துப் பக்கமாகச் சற்று உயர்ந்து விழுமாறு அமைக்கப்படுகின்றது. இடப்புறப் போக்குவரத்துக்கென ஆக்கப்பட்ட விளக்கு வலப்புறப் போக்குவரத்தில் எதிர்வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். இங்கே ஆபத்து உரிமையாளருக்கன்று. விலக்கிலே எப்பங்குமில்லாத மற்றையோருக்காகும்.

பிரித்தானியாவிலே 10 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பயணிகள் கார் இறக்குமதியாயின் அமைப்பு பற்றிய தனி அங்கீகாரம் வேண்டுவதில்லை. ஆயினும் அது ஆண்டுதோறும் தகுதிப் பரிசோதனையிலே தேற வேண்டும். 1960 இல் 10 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கெனத் தொடங்கிய அப்பரிசோதனை, 1967 இல் 3 ஆண்டுகளைக் கடந்தவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது. அமைப்புக் கேள்வியைத் தளர்த்தி நிலைமைக் கேள்வியை வலியுறுத்தும் இம்முறை அமெரிக்க முறையிலும் அறிவுக்கு இசைவானது. எனினும் 2018 முதல் 40 ஆண்டுகளைக் கடந்த, பெருமாற்றம் செய்யப்படாத வாகனங்கள் அங்கும் பரிசோதனையிலிருந்து விலக்கப்பட்டுள்ளன.

எதிர்த்திசைப் பாய்ச்சலும் இலங்கையும்

இதுகாறும் கூறியவை செல்வந்த நாடுகளுக்கிடையே நிகழ்வன. பாவித்த வாகனங்களின் பெரும் பாய்ச்சலோ செல்வந்த நாடுகளிலிருந்து வறிய நாடுகளை நோக்கியதாகும். ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2020 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2015 முதல் 2018 வரை 1 கோடி 40 இலட்சம் பாவித்த இலகு வாகனங்கள் ஏற்றுமதியாயின; அவற்றுள் ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சென்றடைந்தன. ஆராயப்பட்ட 146 நாடுகளுள் மூன்றிலிரண்டு பங்கின் ஒழுங்குவிதிகள் வலுவற்றவை என அது கண்டது. அவ்வாண்டிலேயே நெதர்லாந்து அரசின் பரிசோதனைப் பிரிவு, மேற்கு ஆபிரிக்காவுக்குச் செல்லும் பல வாகனங்களுக்குச் செல்லுபடியாகும் தகுதிச் சான்றிதழே இல்லை என்பதை வெளிப்படுத்தியது. தன் வீதியில் ஓடத் தகாததைப் பிறர் வீதிக்கு அனுப்பும் வாணிபம் இது.

யப்பானின் நிலை சற்று வேறானது. அங்கே புதிய கார் முதல் 3 ஆண்டுகளிலும் அதன்பின் 2 ஆண்டுகளுக்கு ஒரு முறையும் கடும் பரிசோதனைக்கு உட்படுகின்றது. 13 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களிற் பெரும்பாலானவற்றுக்கு வரியும் கூடுகின்றது. இதனால் நல்ல நிலையிலுள்ள வாகனங்களும் ஏற்றுமதிக்கு வருகின்றன. இப்பரிசோதனைக்கு அடிப்படையான யப்பானியச் சட்டம் 1951 இலே ஆக்கப்பட்டது. இலங்கையின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதே ஆண்டினதாகும். ஒரே ஆண்டிலே தோன்றிய இரு சட்டங்களுள் ஒன்று காலமுறைப் பரிசோதனையை எல்லா வாகனங்களுக்கும் உரிய நிறுவனமாக வளர்த்தது. மற்றையது அவ்வாறு வளர்க்கவில்லை.

இலங்கையிலே பாவித்த வாகனங்களுக்கான வயதெல்லை இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின் வழியே வருவது. பாதுகாப்புக்கு ஏற்ற கருத்துகள் அதில் இல்லாமலில்லை. 2018 முதல் காற்றுப்பை, பூட்டுறாத் தடுப்பு முறைமை, ஆசனப் பட்டி முதலியன இறக்குமதி நிபந்தனைகளாக்கப்பட்டன. ஆயினும் அவ்விதிகளின் இயக்குவிசை அந்நியச் செலாவணியே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்ததும் செலாவணி நிலைமையினாலேயே. இடைப்பட்ட காலத்தில் நாட்டிலுள்ள வாகனங்கள் யாவும் ஐந்து ஆண்டுகள் முதுமை பெற்றன. அவற்றின் பிறேக்கையும் ரயரையும் பற்றி எவரும் புதிதாகக் கேட்கவில்லை. பேருந்து, லொறி முதலியவற்றுக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். தனியார் காருக்கோ ஆண்டுதோறும் வேண்டப்படுபவை காப்புறுதியும் புகைப் பரிசோதனையுமே. புகைக்குழாய் நோக்கப்படுகின்றது, பிறேக் நோக்கப்படுவதில்லை.

முதிய வாகனம் பேணப்படின் நெடுங்காலம் உழைக்கும் என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே மொரிஸ், ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓடச் செய்தவர்கள் அங்குள்ள திருத்துநர்கள். வயது மட்டுமே ஒரு வாகனத்தின் தகுதியைத் தீர்மானிப்பதில்லை என்பதை அவர்களின் உழைப்பு நிறுவியது. அதேவேளை, உதிரிப்பாகமும் பரிசோதனையும் இன்றி ஓடவேண்டிய நிர்ப்பந்தத்தை நாம் இலட்சியமாக்கிவிடவும் கூடாது.

முடிவுரை

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021 இல் வீதி விபத்துகளால் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பத்தில் ஒன்பது பங்கினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தோர். இலங்கையிலே ஆண்டொன்றுக்கு 2,000 பேருக்கும் மேற்பட்டோர் இவ்வாறு இறக்கின்றனர். பாதசாரிகளும் சைக்கிளோட்டிகளும் மோட்டார்ச் சைக்கிளில் செல்வோரும் இவர்களுட் பெரும்பகுதியினர். இவர்களுட் பெரும்பாலோர் காரை இறக்குமதி செய்பவர்களல்லர். பதிவு அலுவலகத்தில் இவர்களுக்காகப் பேசுவாரும் இல்லை.

ஆதலால் வாகனம் எத்தனை வயதினது என்பதற்கு முன்னர், அதன் குறைபாட்டினால் யாருடைய உடல் ஆபத்துக்குள்ளாகின்றது என்ற கேள்வி எழுப்பப்பட வேண்டும். இக்கேள்வியை வைத்து நோக்கின் விதிகள் மூன்று படிகளாக அமைதல் பொருத்தமானது. பிறேக், ரயர், செலுத்துகை, விளக்கு, பார்வைப்புலம் ஆகியவற்றின் குறைபாடு வீதியிலுள்ள எல்லோரையும் தாக்குவது. இவற்றில் வயதையோ அருமையையோ செல்வத்தையோ காரணமாகக் கொண்டு எவருக்கும் விலக்கு அளித்தலாகாது. காற்றுப்பை, மோதல் தாங்கும் அமைப்பு என்பன பெரும்பாலும் உள்ளிருப்போரைக் காப்பவை. தன் தொழிலுக்கெனப் பழைய சிறு லொறியை ஓட்டும் விவசாயி ஒருவருக்கு, வேகத்தையும் வீதியையும் வரையறுத்து, இவற்றில் விலக்கு அளித்தல் நியாயமாகலாம். கட்டணம் செலுத்திப் பயணம் செய்வோரையும் பாடசாலைப் பிள்ளைகளையும் ஏற்றும் வாகனத்துக்கோ அவ்விலக்கு இருத்தலாகாது. ஏனெனில் அவர்கள் அவ்வாபத்தைத் தெரிந்தெடுத்தவர்களல்லர்.

காலமுறைப் பரிசோதனை வறியவர் மீது புதியதொரு சுமையாகலாம் என்ற ஐயம் நியாயமானது. பரிசோதனை இலாப நோக்கமுடைய தனியாரிடமோ இலஞ்சத்துக்கு இடமளிக்கும் ஒரு மேசையிடமோ விடப்படின் அது சுமையாகவே முடியும். பொதுத்துறைப் பரிசோதனை நிலையங்கள், குறைந்த கட்டணம், குறைபாட்டைத் திருத்துவதற்குரிய அவகாசமும் கடன் வசதியும் ஆகியன அதனோடு இணைக்கப்படல் வேண்டும். வாகனம் ஒன்றின் பிறேக் நன்கு இயங்குகின்றதா என்பதை அறிய அதன் பிறந்த ஆண்டை நோக்குதல் போதாது. பிறேக்கைச் சோதித்தல் வேண்டும்.